மேவார் இராமாயணச் சிற்றோவியங்கள்

காப்பியக் கதைகளை ஓவியத்தில் அமைத்தல் நம் நாட்டிற் பண்டு தொட்டு வரும் வழக்கு. புளியங்குடிக்குத் தெற்கே பொருநைக் கரையிலுள்ள திருப்புடைமருதூர்க் கோயிற் கோபுர நிலைகளில், சுவர்களே ஏடுகளாகப் புராணக் கதைகள் தீட்டப்பட்டுள்ளன. வடநாட்டிலோ அவ்வழக்கு ஏட்டளவினவாகிய சிற்றோவியங்களாய்ச் சிறந்தது. மேவார் இராமாயணம் அத்தகையது.

உதயபுரியில் அரசு புரிந்த முதலாம் சகத்சிங்கு மன்னர் விருப்பின்படி இப்பணி கி. பி. 1649இல் தொடங்கிற்று, மன்னர் மறைந்தபின் 1653இல் நிறைவுற்றது. வடமொழி மூலத்தை எழுதியவர் ஈரானந்தர். யுத்தகாண்டத்தை ஓவியமாக்கியவர் சாகிப்தீன் என்னும் இசுலாமியர்.

இந்திரசித்தின் நாகபாசத்தாற் பிணிப்புண்டு கிடக்கும் இராம இலக்குவரும், அவர்களைக் காணுமாறு விமானத்திற் கொணரப்பட்ட சீதையும், அதனை ஏவிய இராவணனும் ஓரேட்டிலேயே காணப்படுவர். ஒருவரே ஓரோவியத்துட் பன்முறை தோன்றுதலும் உண்டு. இதனைப் பிழையென்பார் மூலநூலை நோக்காதார். முன்பின்னாக நிகழ்வனவற்றை ஒருங்கே காட்டுதற்கு ஓவியர் கொண்ட உத்தி அஃதாம். ஆகலின், சுலோகத்தை விடுத்து ஓவியத்தை மட்டும் நோக்குவார்க்கு அதன் பொருள் விளங்காது.

பிற்காலத்தே இதன் காண்டங்கள் இலண்டனிலும் மும்பையிலுமாகப் பிரிந்து கிடந்தன. அவை 2014ஆம் ஆண்டில் இணையத்தில் ஒருங்கு சேர்க்கப்பெற்றன. பிரிந்த ஏட்டை இவ்வாறு மீளக் கூட்டலாம். உதிர்ந்த சுவரோவியத்தைக் கூட்டுதற்கு வழியில்லை. கோபுர ஓவியங்களை இன்றே காத்தல் கடனாம் என்பது இதனாற் பெறப்படும்.