கனகராயன் ஆறும் யாழ்ப்பாணத்துக் கிணறும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லை. மாரியில் மட்டும் ஓடும் வழுக்கியாற்றை விட்டால், அந்நாட்டு உழவனுக்குக் கிணறே ஆறு, கிணறே குளம். மழை நீர் சுண்ணாம்புக்கல்லின் துளைகளூடாக இறங்கி, கீழேயுள்ள உவர்நீரின்மேல் ஒரு வில்லை போல மிதந்து நிற்கின்றது. உவர்நீரினும் நன்னீர் பாரம் குறைந்தது என்பதே இதற்குக் காரணம். கடல் மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நிற்குமாயின், கீழே ஏறக்குறைய 40 அடிக்கு நன்னீர் நிற்கும் என்பது பௌதிக நூலார் கணக்கு. மேலே ஓரடி குறைந்தால், நாளடைவில் கீழே 40 அடி உவர் ஏறும் என்பதும் அதே கணக்குத்தான். துலா மிதித்து இறைத்த காலத்தில் மனிதனின் களைப்பே கிணற்றுக்குக் காவலாயிருந்தது. நீரிறைக்கும் இயந்திரமோ களைப்பதில்லை.

ஆனையிறவுக்குத் தெற்கே நிலைமை வேறு. வவுனியாப் பக்கத்துக் காடுகளில் தோன்றும் கனகராயன் ஆறு வடக்கு நோக்கி ஓடி ஆனையிறவுக் கடனீரேரியில் விழுகின்றது. இவ்வாற்றை மறித்துக் குளம் அமைக்க 1885 இல் திட்டம் வரைந்தவர் ஹென்றி பாக்கர் என்னும் பொறியியலாளர். இலங்கையின் பழங்குளங்களைத் துருவி ஆராய்ந்தவரும் இவரே. 1902 இல் தொடங்கிய வேலை 1920 அளவிலேதான் முடிந்தது. இரண்டு மடுக்கள் இருந்த இடமாதலின் இரணைமடு எனப் பெயர் வந்தது என்பர். பின்னர் அணை பலமுறை உயர்த்தப்பட்டது; கிளிநொச்சி வயல்கள் பெருகின. எனினும் பெருமாரியில் வான் பாயும் நீர் உவர் ஏரியிற் கலந்து, சுண்டிக்குளத்து வாயால் கடலுக்கே போயிற்று.

நீர்ப்பாசனத் திணைக்களப் பொறியியலாளர் ச. ஆறுமுகம் 1954 இல் முன்வைத்த திட்டம் இந்நீரைப் பற்றியதே. புதிய குளத்துக்கு இடம் தேடி அவர் காட்டுக்குள் அலையவில்லை. கடனீரேரியையே குளமாகக் கண்டார். கிழக்கே சுண்டிக்குளத்தில் வானுடன் கூடிய அணை, மேற்கே ஆனையிறவுப் பாலங்களின் வாய்களுக்கு அடைப்பு. இவ்விரண்டும் அமைந்தால், மாரிதோறும் ஆற்று வெள்ளம் உப்பைக் கழுவிவிடும். பின் முள்ளியானில் வெட்டும் வாய்க்கால் நன்னீரை வடமராட்சி ஏரிக்குக் கொண்டு செல்லும். அங்கே தொண்டைமானாற்றுத் தடுப்பணை முன்னரே எழுந்திருந்தது. தெற்கே உப்பாற்றுக்கு அரியாலையில் மற்றோர் அணை. நெல்லுக்கு நேரே நீர் பாய்ச்சுவது இதன் முதல் நோக்கமன்று. ஏரிகள் இனித்தால் அவற்றின் கரைக்கிணறுகளும் இனிக்கும், நிலத்தடி வில்லையும் தடிக்கும் என்பதே உட்கருத்து. நிலத்தையே பெரிய நீர்த்தொட்டியாக எண்ணிய இக்கருத்து, பேரணை எழுப்புவதிலும் நுட்பமானது எனலாம்.

வேலைகள் பல நடந்தன. ஆனால் 1960களில் சுண்டிக்குளத்து அணையை வெள்ளம் உடைத்தது. முள்ளியான் வாய்க்கால் முற்றுப்பெறாது நின்றது. இடையிணைப்பு இன்றேல் ஏனைய அணைகள் தத்தம் இடத்து மழை நீரை மட்டுமே காக்க இயலும். கவனிப்பாரற்ற தடுப்பணைகளின் மரக்கதவுகள் உக்கி, உவர் மீண்டும் உட்புகுந்தது. பின்பு போர் வந்தது.

போர் முடிந்தபின், இரணைமடுவிலிருந்து குழாய் வழியே யாழ்ப்பாணத்துக்குக் குடிநீர் கொண்டுவர முயன்றபோது, கிளிநொச்சி விவசாயிகள் மறுத்து நின்றனர். சிறுபோகத்துக்கே தண்ணீர் போதாத ஆண்டுகளைக் கண்டவர்கள் அவர்கள். அவர்களது அச்சத்தை வெறும் பிடிவாதம் எனத் தள்ளல் முறையன்று. குடிநீருக்கு ஏங்கியவரின் வழக்கும் நியாயமே. வழக்குத் தீராமையால் வேறு வழி தேடப்பட்டது. சுண்டிக்குளத்துக்கு வடமேற்கே, அதே கீழைக் கரையில், தாளையடியில் கடல் நீரை நன்னீராக்கும் நிலையம் 2024 இல் திறந்துவைக்கப்பட்டது.