நகப் பூச்சின் சரித்திரம்

ராஜாக்கள் முடி சூடியதையும் முடி இழந்ததையும் பற்றி நம்மிடம் சரித்திரப் புத்தகங்கள் ஏராளமாக இருக்கின்றன. பெண்கள் நகத்துக்குச் சாயம் இட்டுக்கொண்ட சரித்திரத்தை எழுதுகிறவர்கள் குறைவு. 'நகம் என்ன பெரிய விஷயமா?' என்ற அலட்சியந்தான் காரணம். ஆனால் அந்தச் சின்ன விஷயத்துக்குள் அரக்குப் பூச்சியும், பீரங்கி மருந்தும், மோட்டார் காரும், பொதுத் தேர்தலுங்கூட வந்து நுழைகின்றன என்று சொன்னால் நம்புவீர்களா?

நம்முடைய பழங்காலத்துக் காவிய நாயகிகள் அரக்குச் சிவப்பில் தோய்த்த செம்பஞ்சைப் பாதத்துக்கு இட்டுக்கொண்டார்கள். கைக்கு மருதோன்றி இருந்தது. நாம் மருதாணி என்கிறோம். எகிப்து தேசத்து மம்மிகளின் நகங்களிலும் மருதோன்றிச் சிவப்பு இருந்திருக்கிறது. சீனத்தில் காசித்தும்பைப் பூவைப் படிகாரத்தோடு அரைத்துக் கட்டினார்கள்.

இந்த மருதாணியிடம் ஒரு நல்ல குணம் உண்டு. அது நகத்தின் மேலே ஏறி உட்காருவதில்லை. நகத்துக்குள் இறங்கி ஒட்டிக்கொள்கிறது. தோலில் இட்டது இரண்டு வாரத்தில் மங்கிவிடும். நகத்தில் இட்டதோ நகம் வளர வளர மெல்ல முன்னே நகர்ந்து, கடைசியில் பிறைச் சந்திரனாக நுனியில் நின்று, ஒரு நாள் நகவெட்டியோடு விடைபெறும். அதை யாரும் சுரண்டி எடுக்க வேண்டியதில்லை.

சுரண்டுகிற காலம் பிறகுதான் வந்தது. 1846ல் ஷோன்பைன் என்ற ரசாயன சாஸ்திரி, பஞ்சை அமிலத்தில் நனைத்து வெடிபஞ்சைச் செய்து காட்டினார். நம் நீலகிரியில் அரவங்காட்டில் நூறு வருஷத்துக்கு மேலாக நடந்து வரும் கார்டைட் தொழிற்சாலைக்கும் அந்த வெடிபஞ்சுதான் மூலப்பொருள். அதன் இனத்தைச் சேர்ந்த நைட்ரோசெல்லுலோஸைத் திரவத்தில் கரைத்துப் பூசினால், திரவம் ஆவியாகிப் பளபளப்பான ஏடு ஒன்று மிஞ்சும். முதல் உலக யுத்தத்துக்குப் பிறகு மோட்டார் கார்களுக்கு அதைப் பூசினார்கள். கார் பளபளத்தது; நகம் மட்டும் சும்மா இருக்குமா? 1932ல் அமெரிக்காவில் ரெவ்லான் கம்பெனி நல்ல அழுத்தமான வர்ணங்களில் நகப் பூச்சை விற்க ஆரம்பித்தது. நம் தேசத்தில் 1952ல் டாடாக்கள் லக்மே கம்பெனியைத் தொடங்கினார்கள்.

அந்தப் பூச்சு நாலு நாளில் உதிர்ந்துவிடும் என்பதுதான் ஸ்திரீகளின் குறை. அதற்குப் பதிலாகப் பல் வைத்தியரின் அலமாரியிலிருந்து வந்தது அடுத்த சரக்கு. பல் குழியை அடைக்கிற அக்ரிலிக்கின் உறவுக்காரப் பசை அது. இது காற்றில் காய்வதில்லை. புற ஊதா விளக்கின் கீழே விரலை நீட்டினால், அணுத்திரள்கள் ஒன்றோடொன்று கை கோத்துக் கெட்டியாகின்றன. இதுதான் ஜெல். பழைய ஜெல்லை அரத்தால் ராவித்தான் எடுக்க வேண்டும். 2010க்குப் பிறகு, அசிட்டோனில் ஊறவைத்து எடுக்கக்கூடிய மெதுவான ஜெல் பரவிற்று. இரண்டு வாரம் பளபளப்புக் குறையாது.

இந்த நாகரிகம் பட்டணத்தோடு நிற்கவில்லை. கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலில் ஒரு நாள் என் எதிரே உட்கார்ந்திருந்த பெண், சிப்காட்டில் வேலைக்குப் போகிறவள், விரல்களை மடக்கி ஒளித்துக்கொண்டே வந்தாள். பேச்சுக் கொடுத்ததும் காட்டினாள். நகங்கள் வெங்காயச் சருகு போல மெலிந்து, வெள்ளை வெள்ளையாகப் பெயர்ந்திருந்தன.

"தோழி கல்யாணத்துக்குப் போட்டேன் அக்கா. எடுக்கப் போக லீவு கிடைக்கலே. பல்லாலேயே உரிச்சுட்டேன். தை மாசம் எனக்கு நிச்சயதார்த்தம். அதுக்குள்ளே ஆறிடுமா?"

அப்போது ஐப்பசி. தைக்கு மூன்றே மாதம்.

நகம் ஆறுகிற வஸ்துவே அல்ல. நம் கண்ணுக்குத் தெரிகிற நகம் உயிரற்ற கெராட்டின் தகடு. உயிர் இருப்பது தோலுக்குள் மறைந்திருக்கும் வேரில். அங்கிருந்து மாதத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் வெளியே வருகிறது. முழுக்கப் புதுசாக ஆறு மாதம் ஆகும். வில்லியம் பீன் என்ற அமெரிக்க டாக்டர் தம் கட்டைவிரல் நகத்தில் மாதந்தோறும் கோடு கிழித்து, 35 வருஷம் அளந்து, 1980ல் கணக்கை வெளியிட்டார். 32 வயதில் நாளைக்கு 0.123 மில்லிமீட்டர்; 67 வயதில் 0.095 தான்!

இதைத் தெரிந்துகொள்ள டாக்டராக வேண்டியதில்லை. வோட்டுப் போட்டவர்களெல்லாம் பார்த்திருக்கிறோம். 1962 பொதுத் தேர்தலிலிருந்து நம் விரலில் வைக்கும் மை மைசூரிலிருந்து வருகிறது. 1937ல் மகாராஜா காலத்தில் அரக்குத் தொழிற்சாலையாகத் தொடங்கிய இடம் அது. செம்பஞ்சின் அதே அரக்கு! தோலிலுள்ள மை சில வாரங்களில் போய்விடும். நகத்து மை மந்திரிசபை அமைந்து, இலாகா மாறிய பிறகும் நகர்ந்து கொண்டிருக்கும்.

ஆகையால் அந்தப் பெண்ணிடம் உள்ளதைச் சொன்னேன். தைக்குள் பாதி நகம் புதுசாகும். அந்தப் பாதியைக் காப்பாற்றினால் போதும். நகத்தை ஒட்ட வெட்டி வைத்துக்கொள். தினம் படுக்கும்போது நகத்தின் அடியில் தேங்காயெண்ணெய் தடவு. வேலையில் கையுறை போடு. பூச்சு வேண்டுமென்றால் ஊறவைத்து எடுக்கும் ஜெல்லை மெல்லியதாக இட்டுக்கொள்; நகத்தை ராவிச் சொரசொரப்பாக்க விடாதே. எடுக்கும்போது அசிட்டோன் நனைத்த பஞ்சை வைத்துக் கால் மணி நேரம் கட்டு. தானாக நெகிழ்ந்ததை மட்டும் தள்ளு. பெயர்ந்த நகத்தின் மேலோ, தோலில் வழியும்படியோ பூசவே பூசாதே.

கடைசி வார்த்தைக்குக் காரணம் உண்டு. சரியாக இறுகாத பசை தோலில் பட்டால் சிலருக்கு ஒவ்வாமை வரும். வந்தால் ஆயுள் முழுதும் நிலைக்கும். பிறகு பல் அடைப்பதற்கோ, மூட்டு மாற்றும்போது எலும்பை ஒட்டவைப்பதற்கோ அதே இனத்துப் பசை வந்தால் தொல்லை. 2018ல் பிரிட்டிஷ் சரும வைத்தியர்கள் இதைப் பகிரங்கமாக எச்சரித்தார்கள். ஜெல்லில் சேரும் டி.பி.ஓ. என்ற சரக்கை ஐரோப்பிய யூனியன் 2025 செப்டம்பர் 1 முதல் தடை செய்துவிட்டது. அரிப்போ சிவப்போ கண்டால் அன்றே பூச்சை நிறுத்திச் சரும டாக்டரிடம் போக வேண்டும்.

வெடிபஞ்சு பிறந்த அதே 1846ல், பிரான்ஸ் தேசத்து டாக்டர் போ வேறொன்றைக் கவனித்து எழுதினார். கடும் ஜுரத்தில் கிடந்து எழுந்தவர்களின் நகத்தில் குறுக்கே ஒரு பள்ளம் விழுகிறது. வளர்ச்சி நின்ற நாட்களின் அடையாளம் அது. அந்தப் பள்ளம் எங்கே இருக்கிறது என்று அளந்து, ஜுரம் எப்போது வந்தது என்று சொல்லிவிடலாமாம். ஆறு மாதச் சரித்திரத்தை நம் விரல் நுனியிலேயே எழுதிக்கொண்டு திரிகிறோம். அதன் மேல் எந்த வர்ணத்தைப் பூசினாலும் அடியில் எழுத்து நடந்து கொண்டுதான் இருக்கிறது. எழுதுகிற வேரை மட்டும் இம்சிக்காமலிருந்தால், போன பக்கம் கிழிந்திருந்தாலும் வருகிற பக்கம் சுத்தமாகவே வரும்.