வெஸ்லியின் மூன்றாம் விதி

உடைமைகளைத் துறத்தல் என்றவுடன், ஒரே நாளில் யாவற்றையும் விற்றுத் தரித்திரருக்குக் கொடுத்த அடியார்களே நம் நினைவுக்கு வருவர். ஜான் வெஸ்லி (1703-1791) மேற்கொண்ட துறவு வேறு வகையானது. அவர் பணத்தைக் கண்டு ஒதுங்கவில்லை. தம்மிடம் வந்த பணத்தை ஆண்டுதோறும் தம் கையைவிட்டு அனுப்பினார். இவ்வழியின் வலிமையை அவருடைய வாழ்விலும், அதன் இடரை அவர் நிறுவிய சங்கங்களிலும் காணலாம்.

வெஸ்லி வறுமையை அறிந்தவர். அவருடைய தந்தையாகிய சாமுவேல் எப்வொர்த்தில் குருவானவராயிருந்தபோது, 1705-இல் கடனுக்காகச் சிறையிலடைக்கப்பட்டார். முதுமையில் வெஸ்லி எழுதிய அருளுரையொன்று, ஆக்ஸ்போர்டிலிருந்த மெதடிஸ்தர் ஒருவரின் வரவுசெலவைக் கூறுகிறது. அது அவருடைய கணக்கே என்று பொதுவாகக் கொள்ளப்படுகிறது. முதலாண்டில் வருமானம் 30 பவுன், செலவு 28, ஈகை 2. அடுத்த ஆண்டுகளில் வருமானம் 60, 90, 120 என உயர்ந்தது. செலவோ 28 பவுனைக் கடக்கவில்லை. நான்காம் ஆண்டில் 92 பவுன் ஏழைகளைச் சேர்ந்தது.

1760-இல் வெளிவந்த பணத்தின் பயனைப் பற்றிய அருளுரையில், லூக்கா 16:9-ஐ ஆதாரமாகக் கொண்டு அவர் மூன்று விதிகளை வகுத்தார். நேர்மையாய் ஈட்டுவது முதலாவது. வீண்செலவின்றிச் சேமிப்பது இரண்டாவது. எஞ்சியதைக் கொடுத்துவிடுவது மூன்றாவது. முதலிரண்டும் மூன்றாவதற்காகவே உள்ளவை.

சங்கத்தார் முதலிரண்டையும் நன்கு கற்றுக்கொண்டனர். குடியை விட்டவன் சிக்கனமானான்; சிக்கனமானவன் செல்வனானான். பக்தி உழைப்பைப் பிறப்பிக்க, உழைப்பு செல்வத்தைப் பிறப்பிக்க, செல்வம் பக்தியையே விழுங்கக்கூடும் என்பதை 1786-இல் வெஸ்லி கவலையோடு எழுதினார். மூன்றாம் விதி கைவிடப்பட்டதே அவருடைய இறுதிக்கால அருளுரைகளின் பெருந்துயரம்.

இதற்கு ஒரு காரணம் சங்க ஒழுங்கிலேயே தென்படுகிறது. பூமியிலே பொக்கிஷம் சேர்க்கலாகாது என்பது 1743-ஆம் ஆண்டின் பொது விதிகளில் இடம்பெற்றிருந்தது. அதே ஆண்டில் நியூகாசில் சங்கத்திலிருந்து 64 பேர் விலக்கப்பட்டனர். குடிவெறிக்காக 17 பேர், அசட்டைக்காக 29 பேர் என வெஸ்லியின் நாட்குறிப்பு பட்டியலிடுகிறது. பொருள் சேர்த்ததற்காக விலக்கப்பட்டவர் எவரும் அதில் இல்லை. அச்சங்கத்தார் பெரும்பாலும் ஏழைகளே என்பது மெய்தான். எனினும் குடி யாவர் கண்ணுக்கும் பாவமாகத் தோன்றும். பொருளாசையோ சிக்கனம் என்னும் நற்பெயரோடு சபைக்குள் அமர்ந்திருக்கும். சபை ஒழுங்கு எளிதில் தொடமுடியாத பாவம் அது.

வெஸ்லி தம்மளவில் தளரவில்லை. 1785 ஜனவரியில், 81 வயதில், உருகும் பனி கணுக்காலளவு கிடந்த இலண்டன் தெருக்களில் நடந்து, ஏழைகளின் ஆடைக்காக 200 பவுன் இரந்து பெற்றார். தம் உடலை ஆறு ஏழைகள் சுமக்கவேண்டும், அவர்களுக்கு ஆளுக்கொரு பவுன் கொடுக்கவேண்டும், சவ வண்டியும் ஆடம்பரமும் வேண்டா என்று மரணசாசனத்தில் எழுதிவைத்தார்.

1947-இல் தென்னிந்தியத் திருச்சபையில் ஒன்றிணைந்த மரபுகளுள் மெதடிஸ்த மரபும் ஒன்று. உக்கிராணத்துவ ஞாயிறுதோறும் நாம் தசமபாகத்தைப் பற்றிப் போதிக்கிறோம். வெஸ்லியோ எஞ்சிய ஒன்பது பாகங்களைப் பற்றியும் கணக்குக் கேட்டார். வருமானம் உயரும்போது நம் செலவு எந்த எல்லையில் நிற்கும்? இக்கேள்வியைப் பிரசங்க பீடத்திலிருந்து கேட்கத் துணிகிற போதகர் முதலாவது தம் வீட்டுக் கணக்கைத் திறக்கவேண்டியவராவார்.