வேலூர்த் தலைப்பாகை ஓர் அயர்லாந்து நாவலுக்குள்

திருவண்ணாமலையில் பஸ் ஏறினால் போளூர், கண்ணமங்கலம் தாண்டி வேலூர்க் கோட்டை வந்துவிடும். அந்தக் கோட்டையில் வெடித்த கலகத்தின் சேதி கடல் தாண்டி ஒரு கோதிக் நாவலுக்குள் போய்ச் சேர்ந்த கதை நம் பக்கத்தில் அதிகம் பேசப்படுவதில்லை. பேசப்பட வேண்டும்.

எல்லாம் ஒரு தலைப்பாகையில் தொடங்கியது. சென்னைப் படையின் தளபதி ஜான் கிரடாக் காலத்தில், 1805 நவம்பரில், புது உத்தரவு வந்தது. சீருடையில் இருக்கையில் நெற்றியில் திருநீறோ நாமமோ கூடாது. தாடியை மழிக்க வேண்டும். தலையில் தோல் இலச்சினை வைத்த புதுத் தலைப்பாகை. அது மாட்டுத் தோலா, பன்றித் தோலா? இந்துச் சிப்பாயும் முஸ்லிம் சிப்பாயும் ஒன்றாகக் கலங்கினார்கள். அணிய மறுத்தவர்களில் இருவருக்குத் தலா 900 கசையடி விதித்தார்கள். 1806 ஜூலை 10 விடியுமுன் துப்பாக்கிகள் வெள்ளையர் பக்கம் திரும்பின. ஆற்காட்டிலிருந்து படை அதிகாரி கில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்தார். அன்று பகலுக்குள் நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் செத்துக் கிடந்தார்கள். மறு ஆண்டு கிரடாக்கும் ஆளுநர் பென்டிங்க்கும் திருப்பி அழைக்கப்பட்டார்கள்.

சேதி கப்பலேறியது.

அதே 1806இல் ‘த வைல்ட் ஐரிஷ் கேர்ள்’ என்ற நாவலால் புகழ்பெற்றவர் சிட்னி ஓவன்சன். ஐரிஷ் மொழி பேசிய நாடக நடிகரின் மகள், தாய் ஆங்கிலேயர். பிறந்த ஆண்டைக் கடைசிவரை மறைத்தவர். எழுதிச் சம்பாதித்தே தன் காலில் நின்றார். இந்தியாவை அவர் கண்ணால் பார்த்ததில்லை. பெர்னியர் முதலானோரின் பயண நூல்களைப் படித்தே தன் இந்திய நாவலுக்கான காஷ்மீரைக் கட்டி எழுப்பினார். 1811இல் மூன்று பாகங்களாக வந்தது அந்த நாவல், ‘த மிஷனரி’.

ஹிலாரியன் என்ற போர்த்துகீசியத் துறவி, லக்ஸிமா என்ற காஷ்மீரத்துப் பூசாரிப் பெண். மதம் மாற்ற வந்தவர் காதலில் விழுகிறார். ஆன் ராட்கிளிஃபின் ‘த இத்தாலியன்’ 1797இலேயே கத்தோலிக்கச் சமய விசாரணை மன்றத்தின் (இன்குவிசிஷன்) பாதாள அறைகளைக் காட்டி வாசகர்களை நடுங்க வைத்திருந்தது. ஓவன்சன் அந்த இருட்டைக் கோவாவுக்குக் கொண்டுவந்தார். கோவாவில் அது கற்பனையும் அல்ல. 1560இல் தொடங்கிய மன்றம் நாவல் வெளிவந்தபோதும் இருந்தது; மறு ஆண்டுதான் ஒழிந்தது. நாவலில் அந்த மன்றத்தின் தீர்ப்புப்படி ஹிலாரியனை எரிக்கக் கொண்டுவருகிறார்கள். சித்தம் கலங்கிய லக்ஸிமா அந்தத் தீயைத் தன் கணவனின் சிதை என்று எண்ணி ஓடிவருகிறாள். அவளைக் கண்ட இந்துக்கள் ஆயுதத்தோடு பாய்கிறார்கள். ஹிலாரியனுக்கு ஓங்கிய கத்தி அவள் மேல் இறங்குகிறது.

அந்தக் கிளர்ச்சிப் பகுதியின் அடிக்குறிப்பில்தான் வேலூர் வருகிறது, நந்திதுர்க்கம் பெங்களூரோடு சேர்ந்து. பதினேழாம் நூற்றாண்டுக் கதையின் அடியில், அப்போதுதான் நடந்து முடிந்த நம் கலகம். கோதிக் கதைகள் பயங்கரத்தைத் தூரத்து நாட்டில், பழைய காலத்தில், கத்தோலிக்க மடங்களில் வைத்துப் பழகியவை. ஓவன்சனோ தன் காலத்துப் பிரிட்டிஷ் ஆட்சியின் வாசலிலேயே அதைக் கொண்டுவந்து வைத்தார். தன் நாட்டில் 1798 கிளர்ச்சியும் அதன்பின் வந்த அடக்குமுறையும் கண்ட அயர்லாந்துக்காரருக்கு அந்தத் துணிவு இருந்தது என்றே நினைக்கிறேன். ஆனாலும் ஒரு மனக்குறை. கிறித்தவர்களால் தம் சமயத்துக்குக் கேடு வருமோ என்ற மக்களின் அச்சத்தை அடிக்குறிப்பு சொல்கிறது. சிப்பாயின் தலைப்பாகையும் முதுகில் விழுந்த கசையடியும் அதில் இல்லை. நெடும்பயணத்தில் முதலில் உதிர்ந்தது அவன் பட்ட பாடுதான்.

கவிஞர் ஷெல்லி நாவல் வெளிவந்த ஆண்டே அதைப் படித்து மயங்கி, நண்பர் ஹாக்கையும் படிக்கச் சொல்லிக் கடிதம் எழுதினார். அவருடைய ‘அலாஸ்டர்’ கவிதையில் லக்ஸிமாவின் சாயலைக் காணும் ஆய்வாளர்கள் உண்டு.

ஓவன்சன் 1812இல் மணம்புரிந்து லேடி மார்கன் ஆனார். 1859 ஏப்ரலில் லண்டனில் இறந்தார். அதே ஆண்டு, அவர் திருத்திய நாவல் ‘லக்ஸிமா’ என்ற பெயரில் மறுபடி அச்சேறியது. 1857 சிப்பாய்க் கலகத்துக்குப் பிறகு இங்கிலாந்து இந்தியக் கிளர்ச்சிகளைப் பற்றிப் படிக்கத் துடித்த நேரம் அது. வேலூரில் தோலாக இருந்தது, 1857இல் தோட்டாவில் தடவியதாகப் பேசப்பட்ட மாட்டுக் கொழுப்பும் பன்றிக் கொழுப்புமாக வந்திருந்தது.