சட்டமன்றத்தின் சொந்தச் செலவு ஒதுக்கீடு: திருத்த விதிகள்

இந்திய மாநிலச் சட்டமன்றங்களின் செலவும் மானியக் கோரிக்கையாகவே அவைக்கு வருகிறது. தமிழ்நாட்டில் அது 1ஆம் எண் கோரிக்கை. அரசமைப்புச் சட்டத்தின் 203ஆவது உறுப்பின்படி பேரவை அதை ஏற்கலாம், மறுக்கலாம், வெட்டுத் தீர்மானத்தால் குறைக்கலாம். கூட்ட முடியாது. பேரவையின் நூலகத்துக்கென்றாலும் உறுப்பினர்கள் ஒரு ரூபாயைக்கூடச் சேர்க்க இயலாது. ஆளுநரின் பரிந்துரையின்றி எந்தக் கோரிக்கையும் எழாது. பேரவைத் தலைவர், துணைத் தலைவர் ஆகியோரின் சம்பளமும் படிகளும் தொகுப்பு நிதியின் பொறுப்பில் வைக்கப்பட்டவை: விவாதிக்கலாம், வாக்கெடுப்பு கிடையாது. அவர்களின் நடுநிலையைக் காக்கும் இந்த ஏற்பாடு மிகத் தேவையானது. பின்னர் வரும் நிதி ஒதுக்க மசோதாவில் தொகையையோ நோக்கத்தையோ மாற்றும் திருத்தத்தை 204(2) தடுக்கிறது. திருத்தம் ஏற்கத்தக்கதா என்பதில் அவைக்குத் தலைமை வகிப்பவரின் முடிவே இறுதியானது. ஆண்டின் நடுவே பணம் போதாவிட்டால் 205ஆவது உறுப்பின்படி துணை மானியக் கோரிக்கை வர வேண்டும்.