ஊழிய மானியம் (காவிரிப் படுகை)

ஊழிய மானியம் என்பது கோயிலுக்கோ ஊருக்கோ வேண்டிய வேலையைத் தொடர்ந்து செய்பவருக்கு, அந்த வேலை நடக்கும் வரை, நிலத்தையோ விளைச்சலில் ஒரு பங்கையோ விட்டுக்கொடுக்கும் ஏற்பாடு. சோழர் கல்வெட்டுகளில் காணி, ஜீவிதம், பங்கு என்ற பெயர்களில் இது வருகிறது. தஞ்சை வட்டாரத்துக்குக் கலைஞர்களும் கைவினைஞர்களும் வந்து தலைமுறைகளாகத் தங்கியதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

பெரிய கோயில்

தெளிவான சான்று முதலாம் ராஜராஜன் 1014ஆம் ஆண்டளவில் தஞ்சைப் பெரிய கோயிலில் வெட்டுவித்த நீண்ட கல்வெட்டு. திருவாரூர், பழையாறை, திருவையாறு முதலிய ஊர்க் கோயில்களிலிருந்து வரவழைத்த 400 தளிச்சேரிப் பெண்டுகளை (கோயில் ஆடல் மகளிரை) கோயிலை அடுத்த தெருக்களில் குடியமர்த்தியதை அது பெயர், ஊர், வீடு வாரியாகப் பட்டியலிடுகிறது. ஒருவருக்கு ஒரு வீடு, ஒரு பங்கு. பங்கு ஒன்றுக்கு ஆண்டுக்கு 100 கலம் (அக்கால முகத்தல் அளவு) நெல். ஆடல் பயிற்றும் நட்டுவருக்கு இரண்டு பங்கு. தச்சர், கன்னார், தையற்காரர், நாவிதர், கணக்கர் ஆகியோருக்கும் பங்கு உண்டு. பெருந்தச்சன் குஞ்சரமல்லனுக்கு அரசன் பெயரையே சேர்த்து ‘ராஜராஜப் பெருந்தச்சன்’ என்ற பட்டமும் கிடைத்தது.

வாரிசு விதி இதே கல்வெட்டில் உள்ளது. பங்குடையவர் இறந்தாலோ ஊர் பெயர்ந்தாலோ நெருங்கிய உறவினர் அந்த வேலையைச் செய்து பங்கைப் பெறலாம். அவருக்குத் தகுதி இல்லையென்றால், தகுதியுள்ள ஒருவரை அமர்த்திச் செய்விக்க வேண்டும். உறவினரே இல்லாவிட்டால் அதே தொழிலில் இருப்பவர்கள் ஆளைத் தேர்ந்தெடுப்பார்கள். உரிமை பரம்பரையாக வந்தாலும், வேலை தெரிந்தவர் கையிலேயே இருக்க வேண்டும் என்பது இதன் நோக்கம்.

ஊர்ச் சபைகள்

கொள்ளிடக் கரையிலுள்ள காமரசவல்லியின் சபை, ராஜேந்திர சோழன் காலத்தில், விழா நாள்களில் சாக்கைக் கூத்து என்னும் ஆடலை ஆடுபவருக்குச் சாக்கைக் காணி வழங்கியது. மருத்துவர், உவச்சர் (கோயில் இசைக் கருவி வாசிப்போர்) ஆகியோருக்கும் சோழநாட்டு ஊர்களில் இதுபோன்ற காணிகள் இருந்தன. நாயக்கர் காலத்தில் அச்சுதப்ப நாயக்கர் அந்தணக் குடும்பங்களுக்கு வீடும் நிலமும் கொடுத்துக் குடியேற்றிய ஊராக மெலட்டூர் கருதப்படுகிறது. அங்கே பாகவத மேளா என்னும் நாட்டிய நாடகம் இன்றும் நடக்கிறது.

கொல்லர், தச்சர், வண்ணார், நாவிதர் போன்ற ஊர்த் தொழிலாளருக்கு அறுவடைக் களத்தில் நெல் அளப்பது வழக்கம். மகசூல் குறைந்த ஆண்டில் அவர்கள் வருமானமும் குறைந்தது.

குறைகளும் முடிவும்

இந்த ஏற்பாடு தொழிலைப் பெரும்பாலும் சாதிக்குள் அடைத்தது. வேலையை விட்டால் நிலமும் போகும் என்பதால், தங்கியவர் எல்லாரும் விரும்பித் தங்கினார்கள் என்று கொள்ள இயலாது. கோயில் ஊழியத்துக்கு விடப்பட்ட தேவதாசியர் நிலை இதைக் காட்டியது. சமூகச் சீர்திருத்தவாதி முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1929இல் சென்னை மாகாணத்தில் வந்த சட்டத் திருத்தம், அவர்களுடைய மானிய நிலத்தை ஊழியக் கடமையிலிருந்து விடுவித்தது. 1963ஆம் ஆண்டின் சிறு இனாம் ஒழிப்புச் சட்டம் எஞ்சிய சிறு இனாம்களை (மானிய நிலங்களை), நிலமுடையவர் நேரடியாக அரசுக்கு வரி செலுத்தும் ரயத்துவாரி முறைக்குக் கொண்டுவந்தது. பரம்பரையாக வந்த கர்ணம் (ஊர்க் கணக்கர்), மணியக்காரர் (ஊர் அதிகாரி) பதவிகளும் 1980இல் நீக்கப்பட்டன.

இப்போது மானிய நிலத்தை நம்பாமலே ஒரு கைத்தொழில் நிலைத்திருக்கும் ஊர் சுவாமிமலை. ஐம்பொன் சிலை வார்க்கும் ஸ்தபதிகளை அங்கே இருத்துவது அச்சுக்கு ஏற்ற காவிரி வண்டல் மண்ணும், உள்நாட்டு, வெளிநாட்டுக் கோயில்களிலிருந்து வரும் ஆர்டர்களும்தான்.