போர்ட் ஃபார்வர்டிங் ப்ராக்ஸி (ஸ்கிரிப்ட் பாஷைகளில்)

ஒரு கணினியின் குறித்த போர்ட்டில் காத்திருந்து, அங்கே வந்து சேரும் ஒவ்வோர் இணைப்புக்கும் ஈடாக வேறொரு கணினியின் போர்ட்டுக்குத் தானே ஓர் இணைப்பை ஏற்படுத்திக்கொண்டு, இரு பக்கத்துப் பைட்டுகளையும் அவற்றின் அர்த்தத்தை ஆராயாமல் அப்படியே கடத்திக் கொடுக்கும் சிறு நிரல். உள்ளே செல்வது வலைப்பக்கமா, மின்னஞ்சலா, தரவுத்தளக் கேள்வியா என்பதில் அதற்குச் சிறிதும் அக்கறை கிடையாது. அந்த அக்கறையின்மையாலேயே, எந்தப் பக்கம் எப்பொழுது வாய் திறக்கும் என்பதை முன்கூட்டி அறிய மாட்டாமல், இரண்டு வாசல்களையும் ஒரே சமயத்தில் கவனித்துக்கொண்டிருக்க வேண்டிய சங்கடம் அதற்கு நேர்கிறது. இந்நிரலின் சரித்திரம் பெரும்பாலும் அச்சங்கடத்துக்கு ஒவ்வொரு பாஷையும் கண்ட பரிகாரத்தின் சரித்திரமே.

1983 ஜனவரி 1 அன்று ஆர்ப்பாநெட் டிசிபி/ஐபி முறைக்கு மாறியது. அதே ஆண்டில் பெர்க்லி சர்வகலாசாலை வெளியிட்ட 4.2 பிஎஸ்டி யூனிக்ஸ், சாக்கெட் என்னும் அமைப்பையும், பல இணைப்புகளுள் எதில் தரவு வந்திருக்கிறதென்று கெர்னலிடமே கேட்டறியும் ‘செலக்ட்’ என்னும் அழைப்பையும் ஒருங்கே அளித்தது. பரிகாரத்தின் வித்து அங்கேயே இருந்ததெனினும், சி பாஷையில் அதைப் பிரயோகிப்பதற்கு முகவரிக் கட்டமைப்பு, பைட் வரிசை, நினைவக ஒதுக்கீடு முதலிய உப காரியங்களில் மிகுந்த சிரமம் எடுத்துக்கொள்ள வேண்டியிருந்தது. 1987இல் லாரி வால் வெளியிட்ட பெர்ல், பிற்பாடு சாக்கெட்டுகளையும் தன்னுள் ஏற்றுக்கொண்டபோது, அந்தச் சிரமம் வெகுவாகக் குறைந்தது. இணைப்பு வந்ததும் ‘ஃபோர்க்’ செய்து, போகும் தரவைத் தாய்ப் பிராசஸும் வரும் தரவைச் சேய்ப் பிராசஸும் பார்த்துக்கொள்ளும்படி விட்டுவிடுவது அக்காலத்தில் கையாளப்பட்ட எளிய உபாயம். ஜான் ஔஸ்டர்ஹவுட்டின் டிசிஎல், 1996இல் வந்த 7.5 பதிப்பில், சாக்கெட்டையும் நிகழ்வுச் சுழலையும் பாஷையின் உள்ளேயே இணைத்தது. பைத்தான், சாம் ரஷிங் எழுதிய ‘அசின்கோர்’ என்னும் தொகுதியை 1999இல் தன் 1.5.2 பதிப்பில் சேர்த்துக்கொண்டு, 2014இல் ‘அசின்க்ஐஓ’வைக் கொண்டுவந்து, 2023இல் வெளியான 3.12 பதிப்பிலிருந்து பழையதை அறவே நீக்கிற்று. 2009இல் ரயன் டால் உருவாக்கிய நோட்.ஜேஎஸ்ஸில், இரண்டு சாக்கெட்டுகளை ‘பைப்’ என்ற சொல்லால் ஒன்றோடொன்று பிணைக்க இரண்டே வரிகள் போதும்.

இத்தனை சுருக்கமாக எழுத முடிகிறதே என்பதில் ஏமாறுவோர் உண்டு. கடத்துவதைக் காட்டிலும் முடித்துவைப்பதே கடினம். ஒரு பக்கம் தன் பேச்சை நிறுத்திக்கொண்டால், ‘ரெசீவ்’ அழைப்பு வெற்றுப் பைட்டுச் சரத்தைத் திருப்பித் தருகிறது; அதைக் கண்ட மாத்திரத்தில் இரண்டு சாக்கெட்டுகளையும் மூடிவிடும் நிரல், எதிர்ப்பக்கத்திலிருந்து இன்னும் வந்துகொண்டிருக்கும் பதிலைப் பாதியில் அறுத்துவிடும். எதிர்ப்பக்கத்துச் சாக்கெட்டில் எழுதும் திசையை மட்டும் ‘ஷட்டவுன்’ செய்து, படிக்கும் திசையைத் திறந்தே வைத்திருப்பதுதான் சரியான முறை. அவ்வாறே, பைத்தானின் ‘சென்ட்’ கொடுத்த பைட்டுகள் அனைத்தையும் அனுப்பியே தீருமென்று நம்பலாகாது; ‘சென்ட்ஆல்’ என்பதே தகுந்தது.

ஹெல்சிங்கி தொழில்நுட்ப சர்வகலாசாலையில் டாட்டு யுலோனன் 1995இல் இயற்றிய எஸ்எஸ்ஹெச், இதே கடத்தலை மறைகுறியாக்கத்தோடு செய்து தருகிறபடியால், அன்றாட உபயோகத்துக்குக் கையால் எழுதிய நிரல் அநாவசியம் என்று சொல்லலாம். ஆயினும், கடந்து போகும் பைட்டுகளைப் பதினாறடிமான எண்களாகத் திரையில் அச்சிட்டுப் பார்க்கவோ, வேண்டுமென்றே தாமதத்தைப் புகுத்தி ஒரு சர்வரைச் சோதிக்கவோ விரும்புகிறவருக்கு, தம் கையால் எழுதிய ஐம்பது வரி நிரலைவிட வசதியானது வேறில்லை. அத்தகைய நிரலை 0.0.0.0 என்ற முகவரியில் திறந்தால் வலையமைப்பிலுள்ள எவரும் நுழையக்கூடும்; 127.0.0.1 என்று வரையறுப்பதே ஜாக்கிரதை.

இவ்வகை ப்ராக்ஸி எல்லாவற்றுக்கும் உதவாது. எஃப்டிபி தன் உரையாடலுக்குள்ளேயே முகவரியையும் போர்ட்டையும் எழுதி அனுப்புவதால், உள்ளடக்கத்தைப் பாராத நிரலின் வழியே அதன் தரவு இணைப்பு பெரும்பாலும் தோல்வியுறும். மேலும், சேருமிடத்துச் சர்வருக்குத் தெரிவது ப்ராக்ஸியின் முகவரியேயன்றி உண்மையான வாடிக்கையாளரின் முகவரியன்று. ஹெச்ஏப்ராக்ஸி என்னும் ப்ராக்ஸி மென்பொருளை உருவாக்கிய வில்லி டாரோ இக்குறையை நீக்க வகுத்த நெறிமுறையின் முதற் பதிப்பு, இணைப்பின் தொடக்கத்திலேயே அந்த முகவரியை ஒற்றை உரைவரியாக எழுதி முன்னே அனுப்பிவிடுகிறது.